மரம் போனது, தண்ணீர் நின்றது

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது, எங்கள் கொல்லையில் நின்ற தூங்குமூஞ்சி மரமும் வேரோடு சாய்ந்தது. பொக்லைன் வைத்து அப்புறப்படுத்திப் பள்ளத்தை மூடினோம். அடுத்த ஐப்பசியில்தான் வினை தெரிந்தது. ஒரே மழைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர்; மூன்று நாளாகியும் வடியவில்லை.

மழையைத் தாங்க இலை இல்லையே, அதனால்தான் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஓரளவுக்குத்தான் சரி. இலைகள் ஒரு மழைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிடித்து வைத்தாலே அதிகம். தூறலுக்கு அது பெரிது, அடைமழைக்கு ஒன்றுமில்லை.

மரத்தின் அசல் வேலை மழை விட்ட நாட்களில் நடக்கிறது. வேர் உறிஞ்சும் நீர் இலைத்துளைகள் வழியே ஆவியாகிப் போகிறது. பெரிய மரம் ஒன்று நல்ல வெயில் நாளில் நூறு லிட்டருக்கு மேல்கூட இறைத்துவிடும். அடுத்த மழைக்கு மண்ணில் இடம் காலியாகிறது. மரம் இல்லாவிட்டால் அந்த இடம் காலியாக வெகுநாள் பிடிக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமைக்காக யூகலிப்டஸ் காடுகளை அழித்தபோது நடந்ததும் இதுதான். நிலத்தடி நீர் மேலேறியது, அடியில் கிடந்த உப்பையும் கூடவே கொண்டுவந்தது. வுட் என்ற ரயில்வே பொறியாளர் 1924-லேயே இதை எழுதிவிட்டார்.

சரி, எங்கள் கொல்லைக்கு வருவோம். கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். மேலே நாலு விரல் பொலபொலவென்ற மண். அதற்குக் கீழே பொக்லைன் ஏறி இறங்கிய களிமண், ஓடு மாதிரி. வேரும் மண்புழுவும் போட்டு வைத்த துளைகள் நசுங்கிவிட்டன. மண்ணுக்குள் விட்டுப்போன பக்கவேர்கள் மக்க மக்க, அங்கங்கே தரையும் உள்வாங்கிக் குழியாகிறது.

ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினேன். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, அளவுகோலை நட்டு வைத்தேன். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். அரை சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை.

சவுடு கொட்டி மேடாக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவருக்குத்தான் போகும். இறுகிய அடுக்கை உடைத்து மட்கிய குப்பையைக் கலப்பதுதான் வழி. ஆனால் ஈரக் களிமண்ணைக் கொத்தினால் அது இன்னும் இறுகும். அதனால் பங்குனி வரை கடப்பாரையைத் தொடவில்லை.