கறுத்தக்கொழும்பானும் ஒரு நிரலின் அகலமும்

யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளின் விலைகளைக் கைத்தொலைபேசியில் காட்ட ஓர் அட்டவணை செய்தேன். பொருள், சந்தை, விலை என மேலிருந்து கீழாக மூன்று நிரல்கள். கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் ஒழுங்காக நின்றன. 'கறுத்தக்கொழும்பான்' என்று மாம்பழத்துக்குக் குறுக்காக ஒரு நிரை சேர்த்ததும் விலை நிரல் திரைக்கு வெளியே போய்விட்டது. முதல் நிரலுக்கு 80 பிக்சல் அகலம் என்று, இணையப் பக்கத்தின் தோற்றத்தைக் குறிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் எழுதியிருந்தும் பலனில்லை.

பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அட்டவணை நிரை நிரையாகவே எழுதப்படுகிறது. கட்டங்கள் நிரைக்குச் சொந்தமானவை. அவை ஒன்றன்கீழ் ஒன்றாக விழும்போதுதான் நிரல் உருவாகிறது. (நிரலைக் குறிக்கும் 'கால்' என்ற குறியில் எழுத்தை வலப்பக்கம் ஒதுக்கச் சொன்னால் நடக்காமல் போவதும் இதனால்தான். அதைக் கட்டங்களிடமே சொல்லவேண்டும்.) வழமையான 'ஆட்டோ' முறையில் உலாவி எல்லா நிரைகளையும் வாசித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு அளவு எடுக்கிறது: வரியை உடைக்காமல் விட்டால் எவ்வளவு அகலம், உடைக்கக்கூடிய இடமெல்லாம் உடைத்தால் எவ்வளவு. இரண்டாவது, பெரும்பாலும் அந்தக் கட்டத்தின் மிக நீண்ட சொல்லின் அகலம். நிரல் அதற்குக் கீழே சுருங்காது. என் 80 பிக்சல் அங்கேதான் தோற்றது.

தமிழில் இது அடிக்கடி நேரும். வேற்றுமை உருபும் சொல்லுருபும் சேர்ந்து 'யாழ்ப்பாணத்திலிருந்து' என ஒரே சொல்லாக நீள்கின்றன. இடையில் உடைக்க இடைவெளி இல்லை. குறுகிய ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதித்த வார்ப்புருவைத் தமிழுக்கு அப்படியே எடுப்பது தவறு என்றே சொல்வேன்.

1998இல் வந்த சிஎஸ்எஸ் 2, இந்தக் கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுக்க 'டேபிள்-லேஅவுட்' என்ற பண்பைத் தந்தது. அதற்கு 'ஃபிக்ஸ்ட்' என்று கொடுத்து, அட்டவணைக்கும் ஓர் அகலம் குறித்தால், 'கால்' குறிகளும் முதல் நிரையும் மட்டுமே நிரல்களின் அகலத்தைத் தீர்மானிக்கும். அகலம் குறிக்காத நிரல்கள் மீதியைச் சமமாகப் பங்கிடும். பின்னால் வரும் நிரைகளுக்காகக் காத்திருக்க வேண்டாததால் பெரிய அட்டவணையும் விரைவாக விரியும்.

ஆனால் இப்போது நீண்ட சொல் பக்கத்துக் கட்டத்தின்மேல் வழியும். 'ஓவர்ஃப்ளோ-ராப்' பண்புக்கு 'பிரேக்-வேர்ட்' கொடுத்தால் உலாவி சொல்லை உடைக்கும். 'கொ' போன்ற உயிர்மெய் சிதறாது. என்றாலும் 'கறுத்தக்கொ' ஒரு வரியிலும் 'ழும்பான்' அடுத்த வரியிலும் நிற்கக்கூடும். சொல் எங்கே பிரியும் என்பது நமக்குத்தான் தெரியும். 'கறுத்தக்' என்பதற்குப் பின், இங்கே உடைக்கலாம் என்று உலாவிக்குச் சொல்லும் 'டபிள்யூபிஆர்' குறியை வைத்தேன். இடம் போதாதபோது மட்டும் வரி அங்கே உடைகிறது. 'கொழும்பான்' கீழே முழுதாக இறங்குகிறது, விலை திரைக்குள் நிற்கிறது.