ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் பம்ப்: பேட்டரி தாங்கும், சாக்கெட் தாங்குமா?

பாய்மரப் படகில் மடித்து வைத்திருக்கும் ரப்பர் படகுக்கு 12 வோல்ட் பம்ப்பால் காற்றடித்தால் பத்து நிமிட வேலைதான். பம்ப்பின் மேல் 180 வாட் என்று போட்டிருந்தால் அது இழுப்பது 15 ஆம்பியர். பத்து நிமிடத்துக்கு 2.5 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது கொசுக்கடி. கோளாறு வருவதெல்லாம் பேட்டரிக்கும் பம்ப்புக்கும் நடுவில்தான்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். பிளக்கின் நுனியில் உள்ள ஸ்பிரிங் முள் சாக்கெட்டின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது; பாசிட்டிவ் பக்க இணைப்பு அவ்வளவுதான். உப்புக்காற்றில் அங்கே பச்சைக் களிம்பு ஏறி 0.1 ஓம் தடை சேர்ந்தால் 15 × 15 × 0.1, அதாவது 22.5 வாட் வெப்பம். விரல் நுனி அளவு இடத்தில் ஒரு சின்ன சால்டரிங் அயர்னை வைத்த மாதிரி. பிளாஸ்டிக் இளகும், ஸ்பிரிங் தளரும், தடை இன்னும் ஏறும். ஃபியூஸ் மட்டும் போகாது. ஆம்பியர் கூடவே இல்லையே! 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் எதையும் இந்த சாக்கெட்டில் செருகாமல் இருப்பதே நல்லது. திருகிப் பூட்டும், நீர் புகாத இரண்டு முள் பிளக் போடுங்கள்.

அடுத்து வயர். பேட்டரியிலிருந்து பம்ப் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர் செம்பு. 2.5 சதுர மி.மீ. வயரில் 15 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. போட்டால் 0.43 வோல்ட்தான். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், வேலை இழுத்துக்கொண்டே போய் மோட்டார் சூடாகும். வெள்ளீயம் பூசிய பல இழை வயரே கடலுக்கு ஏற்றது. வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துப்போகும்.

ஃபியூஸ் பம்ப்பைக் காக்க அல்ல, வயரைக் காக்க. அதனால் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தரநிலை 7 அங்குலத்துக்குள் என்கிறது. பம்ப் பக்கம் போட்டால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது வேடிக்கை பார்க்கும். இந்த அளவுக்கு 20 ஆம்பியர் ஃபியூஸ் சரி. பிஸ்டன் பம்ப்பில் அழுத்தம் ஏற ஏற ஆம்பியரும் ஏறும். படகின் பக்கக் குழாய்க்கு 0.25 பார் அழுத்தம் போதும், காற்றடித்து விறைப்பாக்கும் தரைக்கு 0.8 பார் வரை தேவை. எனவே தரையை நிரப்பும் கடைசி நிமிடங்களில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் நிறுத்திவிடுங்கள்.

முதலை கிளிப்பை நேரே பேட்டரியில் மாட்டுவது பலரின் பழக்கம். சார்ஜ் ஆகும் லெட்-ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே, கிளிப்பில் பறக்கும் பொறி பட்டுத் தீப்பிடிக்கும். மாட்டும்போதும் கழற்றும்போதும் பம்ப் சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும், சார்ஜரும் நின்றிருக்கட்டும். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தட்டில் தேங்கும். பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ்களில் எப்போதும் பொறி பறக்கும். பம்ப் சுற்றியுள்ள காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. வயர் எட்டவில்லை என்று அதை எஞ்சின் அறைக்குள் இறக்க வேண்டாம், வயரை நீட்டி மேல்தளத்தில் வைத்து ஓட்டுங்கள்.