வலிப்பு வராததற்குக் காரணமே அந்த மாத்திரைதான்

கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதி முடிவதற்குச் சில நாட்கள் முன்பு, காசிமேட்டைச் சேர்ந்த நாற்பது வயது விசைப்படகுத் தொழிலாளி ஒருவரை நள்ளிரவில் ஆட்டோவில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையில் தொடங்கி உடல் முழுவதும் பரவிய வலிப்பு, கால் மணி நேரமாகியும் அடங்கவில்லை. கையில் இரும்புச் சாவிக்கொத்து ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. அவருடைய மனைவி நீட்டிய கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரை அட்டையில் பத்துக்கு எட்டு மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. “ஒன்றரை வருஷமா ஒண்ணும் வரலையே சார், அதான் நிறுத்திட்டாரு” என்றார்.

இந்தப் பதிலைத்தான் வாரம் தவறாமல் கேட்கிறேன். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை விடுவதைப் போல வலிப்பு மாத்திரையை விடக் கூடாது. மூளையின் ஒரு பகுதியில் பழைய காயத்தாலோ நாடாப்புழுக் கட்டியாலோ ஏற்பட்ட தழும்பை இந்த மருந்து ஆற்றுவதில்லை. அந்த இடத்திலிருந்து எழும் மின்கிளர்ச்சியை அன்றன்றைக்கு அடக்கி வைக்கிறது, அவ்வளவே. நீங்கள் நலமாக இருந்த ஒவ்வொரு நாளும் மருந்து வேலை செய்த நாள். திடீரென்று நிறுத்தினால், முன்பு இருந்ததைவிடக் கடுமையாக, நிற்காத வலிப்பாகவே அது திரும்பக்கூடும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் இருந்த பிறகுதான், ஸ்கேனையும் மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி.யையும் பார்த்து, குறைக்கலாமா என்று பேசவே தொடங்குவோம். குறைப்பதும் பல மாதங்களில் படிப்படியாகத்தான்.

அந்த “ஒண்ணும் வரலையே” என்பதும் உண்மையல்ல. துருவிக் கேட்டபோது, மாதம் ஒருமுறையாவது பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பார், உதட்டைச் சப்புவார், லுங்கி ஓரத்தை விரல்களால் நெருடிக்கொண்டே இருப்பார், அரை நிமிடம் கழித்துக் கேட்டால் எதுவும் நினைவிருக்காது என்று மனைவி சொன்னார். ஏதோ யோசனை என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அதுவும் வலிப்புதான், மூளையின் ஒரு பகுதியில் எழும் வலிப்பு. கீழே விழுந்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்ற கணக்கில், மருந்தின் அளவை உயர்த்த வேண்டிய நேரத்தில் மருந்தையே விட்டிருக்கிறார்.

இவ்வகை வலிப்புக்கு லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம், கார்பமசெபின் போன்றவற்றில் ஒன்றைத் தொடங்குவோம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே கட்டுப்படும். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை உரிய அளவில் எடுத்தும் அடங்காதவர்கள், அறுவை சிகிச்சை பயன்படுமா என்று சிறப்பு மையத்தில் காட்ட வேண்டும். லெவெடிரசெட்டத்தால் சிலருக்குக் கோபமும் சோர்வும் வரும். அதைச் சொல்லுங்கள், மருந்தை மாற்றிக்கொள்ளலாம். கார்பமசெபினோ லாமோட்ரிஜினோ தொடங்கிய சில வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் மட்டும் அன்றைக்கே வந்துவிடுங்கள். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே பேசுங்கள். கருவுற்றது தெரிந்ததும் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலிப்பு வரும்போது கையில் சாவி வேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள்; ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

கரையில் வலை பின்னும் வேலையும் ஏல வேலையும் இருக்க, வலிப்பு அடங்காத ஒருவரைத் தயவுசெய்து கடலுக்கு அனுப்பாதீர்கள். அடுத்த முறை வரும்போது மீதமுள்ள மாத்திரை அட்டையையும், அந்த அரை நிமிட வெறிப்பைக் கைப்பேசியில் எடுத்த வீடியோவையும் கொண்டு வாருங்கள்.