அட்டையை வெட்டி வாங்கிய மாத்திரையோடு அயல்நாட்டுக்குப் போகாதீர்கள்

கடந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. வலிப்பு நோய்க்காக என்னிடம் ஆறு ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் ஒரு மாணவியின் தாயார் பேசினார். மகள் ஆறு வாரக் கோடைக்காலப் படிப்புக்காக ஜெர்மனி போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. விடுதி அறையில் வலிப்பு வந்து, உடன் தங்கியிருந்த பெண் ஆம்புலன்சை அழைத்திருக்கிறாள். மாத்திரைகள் அனைத்தும் செக்-இன் பெட்டியில் இருந்தன. பெட்டியோ இடையில் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது. இரண்டு நாள் மாத்திரை இல்லை, பயணத்தால் உறக்கமும் இல்லை. வலிப்பு வருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என்னை வருத்தியது அதன் பிறகு நடந்ததுதான். அங்கிருந்த மருத்துவர் என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டபோது அந்தப் பெண்ணுக்கு நம் நாட்டு நிறுவனம் வைத்த விற்பனைப் பெயர் மட்டுமே தெரிந்திருந்தது. அந்தப் பெயரில் ஜெர்மனியில் மருந்தே கிடையாது. தாயார் வீட்டில் மிச்சமிருந்த அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கடைக்காரர் பத்து மாத்திரைக்காக வெட்டிக்கொடுத்த அட்டை அது. பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. நான் ‘லெவெடிரசெட்டம், 500 மில்லிகிராம், காலையும் இரவும்’ என்று சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்த ஒரு வரி அவளுடைய கைப்பையில் இருந்திருக்க வேண்டும். ஒரே கோடையில் இப்படி எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பயணத்துக்கு முன்பு, ‘மருந்துகளைப் பற்றி ஒரு கடிதம் தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று நான் சொல்லும்போதெல்லாம் பெற்றோர்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: “இது நம்ம ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் கொடுக்கிறார்களே டாக்டர், இதற்கு எதற்குக் கடிதம்?” கடையில் கொடுக்கிறார்கள் என்பது கடைக்காரரின் தாராள மனம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது இங்கேயே மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் டிரமடால், 2018 முதல் நம் நாட்டிலேயே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அதுவும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி பெற்றுத்தான் நாட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். சுங்க அதிகாரியிடம் ‘எங்கள் ஊரில் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்’ என்று சொன்னால் அவர் இரக்கப்பட மாட்டார், சந்தேகம்தான் கூடும்.

ஜப்பான் இன்னும் கண்டிப்பானது. சளி மாத்திரைகளில் சேர்க்கப்படும் சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் முன் அனுமதியின்றி அங்கே கொண்டு செல்லக்கூடாது. மருத்துவர் எழுதித் தந்த சாதாரண மருந்தாக இருந்தாலும், ஒரு மாதத் தேவைக்கு மேல் எடுத்துப் போனால் ‘யுன்யு ககுனின் ஷோ’ என்னும் இறக்குமதி உறுதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் படிப்பு ஆறு வாரம் என்றால் கணக்கு ஒரு மாதத்தைத் தாண்டிவிடுகிறது. நான்கு வாரப் படிப்புக்குப் போனவர்கள் சொல்லும் அனுபவத்தை நம்பிப் புறப்படாதீர்கள். ‘தீர்ந்துபோனால் கூரியரில் அனுப்பிவிடுகிறோம்’ என்பதும் நடக்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபர்கள் அஞ்சலில் மருந்து வரவழைப்பதற்கு ஜெர்மனியில் பொதுவாகத் தடை இருக்கிறது.

பெயர்க் குழப்பம் வேறு. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோபென் என்பார்கள். ஆஸ்துமா பம்ப்பில் இருக்கும் சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். இங்கே காய்ச்சலுக்கும் வலிக்கும் விழுங்கப்படும் நிமிசுலைடு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனையிலேயே இல்லை. எனவே சீட்டில் ஜெனரிக் பெயர் (நிறுவனம் வைத்த பெயர் அல்ல, மருந்தின் மூலப்பெயர்), அளவு, எத்தனை வேளை, எந்த நோய்க்கு என்பவை தட்டச்சு செய்யப்பட்டு, மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இதில் எங்கள் தரப்புக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஜெனரிக் பெயரைப் படிக்கும்படியாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இலேயே விதி செய்தது. எங்களில் பலர் இன்னும் கோழி கிளறியதுபோலத்தான் எழுதுகிறோம். தட்டச்சு செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளித்தாலும் விடாமல் கேளுங்கள்.

மாத்திரைகளை முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். மொத்தத்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் எந்தக் காரணத்துக்காகவும் செக்-இன் பெட்டிக்குள் போகக்கூடாது. அங்கே உறைந்துபோனால் அது தன் வீரியத்தை இழந்துவிடும். மேற்கு நோக்கிப் பறக்கும்போது நாள் நீளும், கிழக்கே போனால் சுருங்கும். அதற்கேற்ப ஊசி நேரத்தை மாற்றுவதை இணையத்தைப் பார்த்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

தடுப்பூசிக்காகப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு வருகிறவர்களிடம் எனக்குக் கோபப்படக்கூட வலுவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை போட்டதற்குச் சான்று கேட்கின்றன. இரண்டுக்கும் இடையில் குறைந்தது 28 நாள் வேண்டும். ‘பள்ளிக்கூடத்திலேயே போட்டாயிற்று’ என்பார்கள். 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தொடங்கிய முகாமில் போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான். பொன்னுக்குவீங்கி அதில் இல்லை.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களிடம் காசநோய்ப் பரிசோதனையும் பல இடங்களில் கேட்கிறார்கள். அதற்காகத் தோலில் ஊசி போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் பார்த்துக் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வந்து போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை கையை நீட்டினால் பயனில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் நோய்த்தொற்றே இல்லாமலும் அந்த இடம் தடிக்கக்கூடும். பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாத ‘இக்ரா’ என்னும் ரத்தப் பரிசோதனையை அந்தக் கல்வி நிறுவனம் ஏற்குமா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம். எம்.எம்.ஆர். போட்டுவிட்டுப் பிறகு தோல் ஊசி என்றால் குறைந்தது நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். வரிசை தவறி வந்தால் என்னால் ஒன்றும் செய்ய இயலாது.

காப்பீட்டைப் பற்றி ஒன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக வாங்கும் 30,000 யூரோ பாலிசி அவசர நோய்க்கும் விபத்துக்கும் உரியது. ஏற்கெனவே இருக்கும் ஆஸ்துமாவும் நீரிழிவும் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று படித்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் பாலிசி வெறும் காகிதம்.

கடைசியாக, மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து சாப்பிடுகிற சிலர், உடன் தங்குபவர் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சிப் பயணத்துக்கு முந்தைய வாரமே தாங்களாக நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் உறக்கமின்மையும் வரலாம். பழைய நோயும் திரும்பலாம். புதிய ஊர், புதிய மொழி, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மறையாத ஐரோப்பிய ஜூன் மாதம் ஆகியவற்றுக்கு நடுவில் அதையும் தாங்கிக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளே. தயக்கமில்லாமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடிதத்தில் எதை எழுதுவது, யாரிடம் காட்டுவது என்பதைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.

ஜூனில் புறப்படுகிறவர்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் வாருங்கள். வரும்போது கல்வி நிறுவனம் அனுப்பிய மருத்துவப் படிவம், பரண்மேல் கிடக்கும் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் வெட்டாத அட்டைகள் ஆகிய மூன்றையும் எடுத்து வாருங்கள்.