சைபர்: சுழியமா, சுக்கானா?

‘சைபர் பாதுகாப்பு: அடிப்படைகள்’ என்பது ஓர் இணையவழிப் பாடத்தின் தலைப்பு. காசு கிடையாது. பெயரைப் பதிந்துகொண்டால் வீட்டிலிருந்தே படிக்கலாம். படிக்கப் படிக்கத் திரையில் தட்டியும் இழுத்தும் பதில் போட்டும் பழகிக்கொள்ளலாம். கணக்கெழுதியே காலம் கழித்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவை அதில் சேர்த்துவிட்டேன். தலைப்பைப் பார்த்ததுமே கேட்டார்: “என்னடா இது, பாதுகாப்பு சைபர்னு அவங்களே போட்டிருக்காங்க?”

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், கேள்வியில் தப்பே இல்லை. அவர் தலைமுறைக்குச் சைபர் என்றால் பூஜ்யம். ‘கையில் சைபர்’ என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். புதிய சைபர் வந்து சேரும் முன்பே தமிழில் ஒரு சைபர் குடியிருந்தது.

அந்தப் பழைய சைபரின் ஊர் அரபு. வெறுமையைக் குறிக்கும் ‘சூன்ய’ என்ற சமஸ்கிருதச் சொல்லை அரபுக் கணித அறிஞர்கள் ‘ஸிஃப்ர்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். அது லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை ‘ஜீரோ’ ஆனது. இன்னொன்று ‘ஸைஃபர்’ என்று நின்று, பூஜ்யத்தைக் குறித்ததோடு எண்ணும் குறியுமாக எழுதும் ரகசிய எழுத்துக்கும் பெயரானது.

பாடத்தலைப்பில் இருக்கும் சைபருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது கிரேக்கச் சொல். ‘கிபெர்நெடெஸ்’ என்றால் கப்பலில் சுக்கான் பிடிப்பவன், பழந்தமிழில் சொன்னால் மீகாமன். சுக்கான் என்ற சொல்லும் அரபிலிருந்து வந்ததுதான், அது வேறு கதை. கிரேக்கச் சொல் லத்தீனுக்குப் போகும்போது ககரம் குழைந்து ‘குபெர்நாரே’ ஆயிற்று; செலுத்துதல், ஆளுதல் என்று பொருள். கவர்னர், கவர்மென்ட் எல்லாம் அந்த வழியில் பிறந்தவை. ஆக, கவர்னரும் சைபரும் ஒரு தாய் மக்கள்! ஆட்சியைக் கப்பலோட்டமாகப் பார்த்தது கிரேக்கம். நம் புறநானூற்றின் 185ஆம் பாட்டு அதையே வண்டியோட்டமாகப் பார்க்கிறது: செலுத்துகிறவன் திறமையுள்ளவனாக இருந்தால் வழி இனிதாகும், இல்லாவிட்டால் வண்டி சேற்றில் சிக்கும்.

1948இல் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் இந்தக் கிரேக்க வேரிலிருந்து ‘சைபர்நெடிக்ஸ்’ என்ற சொல்லை எடுத்துத் தன் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். விலங்கிலும் எந்திரத்திலும் கட்டுப்பாடும் தகவல்தொடர்பும் எப்படி நடக்கின்றன என்பதுதான் அந்தத் துறை. சுக்கான் பிடிப்பவன் கப்பல் எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்து, அதற்கேற்பத் திருப்பி, மறுபடி பார்க்கிறான். இந்தப் பார்த்துத் திருத்தும் சுழற்சிதான் சொல்லின் உயிர். இணையத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்க வழியில்லை. அப்போது இணையமே கிடையாதே.

சொல்லை இணையத்தின் பக்கம் இழுத்துவிட்டவர் ஒரு கதைக்காரர். 1982இல் வந்த ஒரு சிறுகதையில் வில்லியம் கிப்சன், கணினிகள் ஒன்றோடொன்று இணைந்து உண்டாக்கும் கற்பனை வெளியை ‘சைபர்ஸ்பேஸ்’ என்று எழுதினார். கேட்கக் கவர்ச்சியாக இருந்தது, பொருள் என்று பெரிதாக எதுவும் இல்லை, அதனால்தான் பிடித்தது என்ற மாதிரி அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ‘சைபர்’ தனியே கழன்று, குற்றம், போர், சட்டம் என்று கண்டதன் முன்னாலும் ஒட்டிக்கொள்ளும் முன்னொட்டு ஆகிவிட்டது. 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்ற நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. கணினியைக் காப்பது தனி வேலை என்று பலருக்கும் உறைத்தது அப்போதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘செக்யூரிட்டி’ என்ற பாதியில் சிக்கல் இல்லை. லத்தீனில் அதன் பொருள் கவலையற்ற நிலை. நம் ‘காப்பு’ ஒருவர் விழித்திருந்து செய்யும் காரியத்தைச் சொல்வது. இந்தத் துறைக்கு நம் சொல்லே பொருத்தம் என்பேன். இதில் கவலையற்று இருந்த ஆளை நான் பார்த்ததில்லை.

தகராறு முதல் பாதியில்தான். செய்தித்தாள்களில் அதிகம் காண்பது ‘இணையப் பாதுகாப்பு’. எளிய சொல், எல்லோருக்கும் புரியும். ஆனால் புதிதாகப் படிக்க வருபவரை அது தவறான இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது: ‘நெட்டை அணைத்துவிட்டால் ஆபத்து இல்லை’ என்று நினைத்துக்கொள்வார். 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டைப் பாருங்கள். ஈரானின் நதான்ஸ் அணுநிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைக் குறிவைத்த தீநிரல் அது. அங்கிருந்த கட்டுப்பாட்டுக் கணினிகள் இணையத்தோடு இணைக்கப்படவில்லை; பென் டிரைவ் வழியாக உள்ளே போனதாகவே கருதப்படுகிறது. சுழலும் வேகத்தை மாற்றியது, கண்காணிப்பவர் திரையில் மட்டும் எல்லாம் வழக்கம்போல் இருப்பதாகக் காட்டியது. மீகாமன் கண்ணைக் கட்டிவிட்டுச் சுக்கானை வேறொருவன் திருப்பிய கதை. வீனரின் சைபர் என்றால் இதுதான் அச்சு அசல் எடுத்துக்காட்டு, ‘இணைய’ என்ற அடைமொழிக்குள் அடங்காததும் இதுதான்.

‘கணினிப் பாதுகாப்பு’ பரவாயில்லை, ஆனால் கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் வெளியே நிற்கும். ‘மின்காப்பு’ என்று சுருக்கிப் பார்த்தவர்களும் உண்டு. மின்கம்பிக்கு மேலே போடும் உறைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சுவது ‘மின்வெளிப் பாதுகாப்பு’. சுக்கான் இதிலும் இல்லைதான். ஆனாலும் இணையம், கருவி, தரவு எல்லாவற்றையும் உள்ளே வைக்க இடம் இருக்கிறது. எழுத்தில் நான் இதைத்தான் போடுகிறேன். பேச்சில் ‘சைபர் பாதுகாப்பு’ என்றே வாயில் வருகிறது, வரட்டும்.

பாடத்துக்குள் போனதும் இன்னொரு குழப்பம் காத்திருந்தது. மூன்றாவது அலகில் மறுபடி ஒரு சைபர், ‘சீசர் சைபர்’. இது பழைய அரபுச் சைபர். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே ரகசிய எழுத்து முறைக்கு ‘மறையீடு’ என்றும், அப்படி மாற்றுவதற்கு ‘மறையாக்கம்’ என்றும் சொல்லிவிடுவது நல்லது. ‘குறியாக்கம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ரகசியம் எதுவும் இல்லாமல் எழுத்தை எண்ணாக மாற்றும் ஒருங்குறி போன்றவற்றுக்கும் அதுவே பெயர் என்பதால் எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

சீசர் மறையீடு எளிது: ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, வரிசையில் மூன்று தள்ளி இருப்பதை எழுத வேண்டும். பாடத்தில் ஆங்கில எழுத்துகளைச் சக்கரமாகச் சுழற்றிப் பார்க்கச் சொன்னார்கள். சித்தப்பா அதை ஒதுக்கிவிட்டு, க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ககரத்துக்கு ஞகரம், டகரத்துக்கு நகரம், லகரத்துக்கு ளகரம். ‘கடல்’ என்பது ‘ஞநள்’ ஆயிற்று. உயிர்க்குறியையும் புள்ளியையும் அப்படியே விட்டுவிடலாம் என்பது அவராகப் போட்டுக்கொண்ட விதி. பதினெட்டே மெய்தான், ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் பதினேழு முயற்சிக்குள் எவனும் உடைத்துவிடுவான் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். பாடம் அதைச் சொன்னது அடுத்த பக்கத்தில்.

அன்று இரவு, “அடுத்த அலகையும் முடித்துவிடுங்கள், கடவுச்சொல் பற்றியது” என்று செய்தி அனுப்பினேன். பதில் இரண்டே எழுத்து: ‘ணழி’.