‘ஹார்டி’ அல்லி எதைத் தாங்கும்?

கடந்த வெள்ளிக்கிழமை காலை, கனகராயன்குளத்துப் பக்கமிருந்து முச்சக்கரவண்டியில் வந்திறங்கிய எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா, சொப்பிங் பையொன்றில் சுற்றிக் கொண்டுவந்த அல்லிக் கிழங்கை என் மேசையில் வைத்தார். முடிச்சை அவிழ்க்கும் முன்பே விடயம் விளங்கிவிட்டது. அழுகிய அல்லிக் கிழங்கின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். “தம்பி, இது எதையும் தாங்குமெண்டு சொல்லித்தானே வித்தவங்கள். நாலாயிரம் ரூபா குடுத்தனான். மூண்டு மாசத்திலை இப்பிடிப் போட்டுதே” என்றார். சித்திரைக்குப் பிறகு, ஏறத்தாழ இதே வாசகத்தோடு என்னிடம் வந்து சேர்ந்த ஒன்பதாவது கிழங்கு அது. எட்டுப் பேருக்கு வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன், ஆகவே எழுதுகிறேன்.

விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் என்னிடம் நெல்லையும் உழுந்தையும் பற்றிக் கேட்டவர்கள், இப்போது நான் நடத்தும் சிறிய நீர்த்தாவர நாற்றுமேடைக்கு வந்து பூவைப் பற்றிக் கேட்கிறார்கள். வன்னியில் ஒரு குடும்பம் பூவுக்கென்று முற்றத்தில் தொட்டி கட்டும் காலம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பது ‘ஹார்டி’ என்ற ஒற்றைச் சொல்.

கைத்தொலைபேசியில் விளம்பரம் போட்டு அல்லி விற்பவர்கள் அச்சொல்லை ‘வன்மையானது’ என்றும் ‘எதையும் தாங்கக்கூடியது’ என்றும் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது ஒரேயொரு கேள்விக்குரிய விடை. குளிர்காலத்தில் குளத்தின் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறைகின்ற ஒரு நாட்டில், இந்த அல்லியைக் குளத்திலேயே விட்டுவிடலாமா, அல்லது கிளப்பி எடுத்து உறையாத இடத்தில் வைத்துக் காக்க வேண்டுமா? விட்டுவிடலாம் என்றால் அது ‘ஹார்டி’. காக்க வேண்டும் என்றால் அது வெப்பவலய அல்லி. முதல் வகையில் இலையெல்லாம் கருகி மடிந்தாலும், பனிக்கட்டி எட்டாத ஆழத்தில் கிழங்கு உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கிறது. இந்த விளக்கத்தில் வெயிலைப் பற்றிய பேச்சு எங்காவது இருக்கிறதா? வறட்சியைப் பற்றி? சவர்த்தண்ணீரைப் பற்றி? பராமரிக்காமல் விடுவதைப் பற்றி? ஒன்றுமில்லை. வன்னியில் எந்தக் குளம் எந்த ஆண்டில் உறைந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். நுவரெலியாவிலேயே தை, மாசி மாதங்களின் சில விடியற்காலைகளில் புல்நுனியில் உறைபனி படிவதோடு சரி. நுவரெலியாக் குளிரைத் தாங்கும் என்று விற்ற கம்பளிச் சட்டையை, எல்லாவற்றையும் தாங்கும் சட்டை என்று நினைத்து வாங்கி, மாங்குளத்து மத்தியான வெயிலில் போட்டுக்கொண்டு நிற்பவரை என்னவென்று சொல்வோம்? அந்த நிலையில்தான் இந்தக் கிழங்குகள் தவிக்கின்றன.

ஆனால் இதைக் கேட்டதும் இன்னொரு கூட்டம், குளிர்நாட்டுச் செடி இங்கே வளரவே வளராது என்று மறுகரைக்குத் தாவிவிடுகிறது. அதுவும் பிழை. குளிர் தாங்கும் அல்லி ஐரோப்பாவில் நெடுங்காலம் வெள்ளை நிறத்தில் மட்டுமே இருந்தது. தென்மேற்குப் பிரான்சில் லத்தூர்-மார்லியாக் என்பவர் 1875இல் தொடங்கிய நாற்றுமேடையிலிருந்துதான் மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்புக் கலப்பினங்கள் வெளிவந்தன. 1889ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. ஓவியர் மொனே தம் குளத்துக்கு அல்லி வாங்கியதும் அவரிடமிருந்துதான். அவற்றின் வழிவந்த வகைகள் இன்று தாய்லாந்தின் வெக்கையில் நன்றாகப் பூக்கின்றன. 2010இல் சர்வதேச அல்லிப் போட்டியில் முதலிடம் பெற்ற ‘வான்விசா’ என்ற ஹார்டி வகை தாய்லாந்தில் உருவாக்கப்பட்டதே. நம்மைவிடக் குளிர்ந்த நாடா தாய்லாந்து? வளரும். ஆனால் வளர்க்க வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே பாதிப் பிழை நடந்துவிடுகிறது. ஹார்டி அல்லியின் இலை விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், பூ பெரும்பாலும் நீர்மட்டத்தில் மிதந்தபடி விரியும், அடியில் இருப்பது கைவிரல் பருமனில் படுத்து நகரும் வேர்த்தண்டுக் கிழங்கு. வெப்பவலய அல்லிகளில் பலவற்றின் இலை விளிம்பில் பற்கள் இருக்கும், பூ நீருக்கு மேலே காம்பில் நிமிர்ந்து நிற்கும், கிழங்கு கொட்டைப்பாக்கைப் போல உருண்டிருக்கும். நல்ல நீல நிறத்தில் ‘ஹார்டி’ என்று யாராவது படம் காட்டினால், பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். நீல நிறம் வெப்பவலய இனத்தின் சொத்து. இரண்டையும் கலந்து பெற்ற மிக அரிய வகைகள் நமது சந்தைக் கூடைக்குள் அவ்வளவு மலிவாக வந்துவிடமாட்டா.

அடுத்த தொல்லை ஆழம். நீர் உயர உயர ஆம்பலும் உயரும் என்பது நாமெல்லோரும் சிறுவயதில் மனப்பாடம் செய்த செய்தி. செய்தி சரிதான், ஆனால் அது குளத்தில் வேரூன்றிவிட்ட கொடிக்குரியது. புதுக் கிழங்குக்கும் அது பொருந்தும் என்று எண்ணியதுதான் கனகராயன்குளத்து அம்மாவின் பிழை. பின்வளவில் பயன்படாமற் கிடந்த நாலரை அடி ஆழச் சீமெந்துத் தொட்டியை நிரப்பி, ஓர் இலை மட்டுமே விட்டிருந்த கிழங்கைச் சாடியோடு அதன் அடித்தளத்துக்கு இறக்கிவிட்டிருக்கிறார். வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அந்த ஓர் இலை மேலே வந்து சேர்வதற்குள் கிழங்கில் இருந்த சேமிப்பு தீர்ந்துவிட்டது. புதிதாக நட்ட கிழங்கின் குருத்துக்கு மேல் 4 முதல் 6 அங்குலம் நீர் நின்றால் போதும். தொட்டி ஆழமென்றால் அடியில் சீமெந்துக்கற்களை அடுக்கி அதன்மேல் சாடியை வையுங்கள். இலைகள் மிதக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு கல்லாக எடுத்து, ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை இறக்குங்கள். பெரிய வகைகளுக்கு 2 அடியும் பொருந்தும். அதற்குக் கீழே அனுப்புவதற்குக் காரணமேயில்லை.

இதற்கு நேரெதிரான பிழையைக் கிளிநொச்சி நகரப் பக்கத்தில் அதிகம் காண்கிறேன். கறுப்பு நிறப் பேசினில் முக்கால் அடி நீர் விட்டு, நாள் முழுதும் வெயில் விழும் மொட்டைமாடியில் வைத்துவிடுகிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் பிற்பகல் 2 மணிக்கு அந்த நீருக்குள் கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காத சூட்டைக் கிழங்கு எப்படிப் பொறுக்கும்? அல்லிக்கு நாளுக்கு 6 மணித்தியால நேரடி வெயில் வேண்டும் என்பது உண்மையே, மாமர நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று முறையிடுவதிலும் பயனில்லை. ஆனால் அந்த வெயில் காலை வெயிலாக இருந்து, பிற்பகலில் சற்று நிழல் விழும் இடமே நம் ஊருக்கு உகந்தது. குறைந்தது 3 அடி அகலமும் ஒன்றரை அடி நீரும் கொள்ளும் தொட்டியைத் தெரிவுசெய்து, பாதியளவுக்கு நிலத்தில் புதைத்துவிட்டால் நீர் குளிர்ந்திருக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நீர் குறைவது கண்ணுக்குத் தெரியும். நாளுக்குச் சிறிது சிறிதாக, மாலையில், ஓரத்தால் விடுங்கள்.

மண் விடயத்தில் நான் சிறிது கடுமையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. கடையில் பூச்சாடிக்கு விற்கும் கலவையையும், தும்புச்சோற்றையும், கூட்டெருவையும், பச்சைச் சாணத்தையும் அல்லிச் சாடிக்குள் போடாதீர்கள். மிதப்பது மிதக்கும், மிதக்காதது அழுகும், அழுகும்போது கிழங்கையும் கூட்டிக்கொண்டு போகும். நமக்குத் தேவையானது வயல் மண்ணும் குளத்து வண்டலும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. இதை இலவசமாகக் காலடியில் வைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து பொதி வரவழைக்கும் ஊர் நம்முடையது. அகன்ற, ஆழங்குறைந்த சாடியில் மண்ணை இறுக்கி, கிழங்கைச் சாய்வாக, அதன் அடிப்பகுதி சாடியின் ஓரத்தையும் குருத்து நடுவையும் நோக்கும்படி படுக்க வையுங்கள். குருத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். மரவள்ளித் தடியை ஊன்றுவதுபோல முழுவதையும் புதைத்தவர்களின் கிழங்குகள்தான் எனக்கு வந்த ஒன்பதில் நான்கு. மேலே கழுவிய பருமணலை ஓர் அங்குலம் பரப்பினால் மீன் மண்ணைக் கிளறாது.

உரம் வேண்டுமென்றால், மெதுவாகக் கரையும் வில்லைகளை மாதமொருமுறை மண்ணுக்குள் விரலால் அழுத்திவிடுங்கள். நீரில் யூரியாவைத் தூவுகிறவர்களுக்கு விளைவை நான் விளக்கத் தேவையில்லை. மூன்றாம் நாள் தொட்டி பச்சைக் கஞ்சியாகி, மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதை அவர்களே பார்ப்பார்கள்.

தண்ணீரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் உடனே நடவேண்டாம். வாழைத்தண்டுத் துண்டங்களை நிரப்பி ஊறவிட்டு, நீரைப் பலமுறை மாற்றிச் சுண்ணாம்புக் காரம் இறங்கும்வரை சில கிழமைகள் பொறுத்திருங்கள் என்று நம் ஊர் மேசன்மாரே சொல்வார்கள், அவர்கள் சொல்வது சரி. குழாய்க்கிணற்றுத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு இலையில் வெள்ளையாகப் படிந்தால் பயப்படத் தேவையில்லை, ஆனால் வாய்க்கு உவர்க்கும் தண்ணீர் அல்லிக்கு ஆகாது; முல்லைத்தீவுக் கடலோரத்தவர்கள் மாரி மழைநீரைச் சேர்த்து வைப்பதே வழி. அசுவணி படிந்தால் குழாய்நீரால் அடித்துக் கழுவுங்கள், மருந்து தெளித்து மீனைக் கொல்லாதீர்கள். குரங்கு மொட்டைக் கிள்ளிக்கொண்டு போனால் என்னிடம் மருந்தில்லை. என் தொட்டியிலும் கிள்ளுகிறது.

நுளம்புக்குப் பயந்து தொட்டியையே உடைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். நாலைந்து கப்பி மீன்கள் நீந்தும் தொட்டியில் நுளம்புக் குடம்பிக்கு வாழ்வில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அவருடைய கண் போவது அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் கவிழ்க்காமல் விட்ட வெற்றுப் பேசினுக்கும் சாடித் தட்டுக்கும்தான். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வருவதும் அவற்றால்தான். அதைவிட எனக்குப் பெரிய அச்சம், நடை பழகும் பிள்ளை உள்ள வீட்டில் மூடியில்லாத தொட்டி. ஒன்றரை அடி நீர் ஒரு குழந்தைக்குப் போதும். தயவுசெய்து, முதலில் கம்பிவலையை அடித்துவிட்டு அதன்பிறகு அல்லி வாங்க வாருங்கள்.

உண்மையில் வன்னியின் காலநிலையில் எதையும் தாங்கும் அல்லி ஒன்று வேண்டுமென்று கேட்பவருக்கு, விலை கொடுத்து வாங்கத் தேவையில்லாத விடை நம் குளங்களிலேயே கிடக்கிறது. இரவில் விரியும் வெள்ளை ஆம்பலும், இந்நாட்டின் தேசிய மலரான நீலோற்பலமும் கோடையில் குளம் வற்றி நிலம் வெடித்தபின் சேற்றினுள் கிழங்காக உறங்கி, ஐப்பசி மழைக்கு மீண்டும் எழும். ஹார்டி அல்லியின் கிழங்கை அப்படிக் காயவிட்டால் அது செத்துப்போகும். ஒன்று பனிக்கட்டியைத் தாங்கப் பழகியது, மற்றது வறட்சியை. எனினும் இதைப் படித்துவிட்டு யாரும் பாவற்குளத்திலோ வவுனிக்குளத்திலோ இறங்கி இடுப்பளவு நீரில் கிழங்கு தோண்ட வேண்டாம். அங்கே முதலை இருக்கிறது என்பதை வன்னியில் பிறந்தவருக்கு நான் சொல்லித்தரவேண்டியிருப்பதே வேதனை. நீரோடிக் காய்ந்த வாய்க்கால் ஓரத்தில், காணிக்காரரைக் கேட்டு, ஓரிரு கிழங்கு எடுத்தால் ஒரு தொட்டிக்குத் தாராளம்.

அந்த அம்மாவின் கிழங்கில் அழுகியதை வெட்டி எறிந்துவிட்டுப் பார்த்தபோது, நுனியில் ஒன்றரை அங்குலம் இன்னும் வெள்ளையாக, இறுக்கமாக இருந்தது. வயல் மண் நிரப்பிய சிறு பேசினில் அதை வைத்து, நாலு விரல் நீர் விட்டு, முச்சக்கரவண்டிக்காரத் தம்பியின் காலடியில் அசையாமல் வைத்து அனுப்பினேன். தொட்டியின் அடியில் எத்தனை கல் அடுக்குவது என்பதைத் தாளில் எழுதியும் கொடுத்தேன்.

போகும்போது, “கூடிப்போனா வாய்க்காலிலை விடட்டோ?” என்று கேட்டார். இதைப் பலர் கேட்காமலே செய்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கொருமுறை கிழங்கைப் பிரிக்கும்போது மிஞ்சும் துண்டுகளை வாய்க்காலில் விட்டால் அவை குளத்துக்குப் போகும். ஆகாயத்தாமரை 1905இல் ஒரு தோட்ட அழகுச்செடியாக இந்நாட்டுக்குள் வந்து, நான்கே ஆண்டில் அதற்கெதிராகச் சட்டம் இயற்ற வைத்தது. மிஞ்சியதைச் சீமெந்துத் தரையில் பரப்பி, சருகாகும்வரை வெயிலில் காயவிட்டு, தென்னையடியில் புதைக்கச் சொன்னேன். அல்லது என்னிடம் கொண்டுவாருங்கள். நல்ல துண்டுகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.