டீக்கு கூப்பிடலன்னா மண்டை ஏன் ஓடமாட்டேங்குது?

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார், "ஆபீஸ்ல டீக்குப் போகும்போது என்னைய மட்டும் கூப்பிடமாட்டாங்கண்ணா, குடுத்த வேலையை முடிச்சிடுறேன், ஆனா புதுசா ஒண்ணுமே தோணல, சரக்கு தீந்துபோச்சா?"ன்னு. அதெல்லாம் தீரல தம்பி.

மனுஷன் கூட்டமா வாழ்ற ஜீவன்னு ஸ்கூல்லயே படிச்சாச்சு, நேரா எனக்குப் பிடிச்ச கதைக்கு வரேன். கிப்ளிங் வில்லியம்ஸ்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர், நாயோட பார்க்ல உக்காந்திருக்கார், ஒரு ஃபிரிஸ்பீ தட்டு பக்கத்துல வந்து விழுது, எடுத்து எறியறார், முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேர் திருப்பி இவருக்கே போடுறாங்க, கொஞ்ச நேரம் மூணு பேரும் ஆடுறாங்க, திடீர்னு இவரை விட்டுட்டு அவங்களுக்குள்ளயே ஆட ஆரம்பிச்சிட்டாங்க. அவ்ளோதான், மனுஷனுக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு! பின்னாடி அதையே சைபர்பால்னு கம்ப்யூட்டர் கேமா மாத்தி 2000ல ஆய்வுக்கட்டுரை போட்டார். திரையில ஒரு பந்து, ஆடுறவங்க ரெண்டு மூணு பேர், கொஞ்ச நேரத்துல உங்களுக்கு மட்டும் பந்து வராது. 2004ல இன்னும் கூத்து, எதிர்ல ஆடுறது வெறும் கம்ப்யூட்டர்னு சொல்லிட்டே ஆடவிட்டாங்க, அப்பவும் மனசு நொந்துச்சு. (இதுக்கு எத்தனை கோடி வேணும்? ஓரமா கிடக்குற காலேஜ் கம்ப்யூட்டரே போதும். நாமதான் ரிப்பன் வெட்டற மாதிரி பெரிய மிஷின் இருந்தாத்தான் ஆராய்ச்சின்னு காசு குடுப்போம்.)

சரி, ஐடியா எங்க போச்சு? 2002ல ராய் பாமைஸ்டர்ங்கற இன்னொரு அமெரிக்க உளவியல்காரரோட குழு காலேஜ் பசங்களுக்கு பர்சனாலிட்டி டெஸ்ட் வெச்சு, சிலர்கிட்ட மட்டும் 'பிற்காலத்துல நீ தனிமரமாத்தான் நிப்பே'ன்னு சும்மா அடிச்சுவிட்டாங்க. அவங்களுக்கு மனப்பாடத்துல குறையே இல்ல, யோசிச்சு விடை சொல்ற கேள்வியிலதான் சறுக்குச்சு. 'நிறைய விபத்துல அடிபடுவே'ன்னு பயமுறுத்தப்பட்ட பசங்க அப்படி சறுக்கல. மனக்கஷ்டத்தை அடக்கி வெக்கிறதுலயே மூளை செலவாகிடுது, புதுசா யோசிக்க மிச்சமில்லன்னு அந்தக் குழுவோட விளக்கம். பழகின வேலை கைபாட்டுக்கு ஓடுறதும் ஐடியா வராததும் இதனாலதான்னு நான் நினைக்கிறேன். போதாக்குறைக்கு அரைவேக்காட்டு யோசனையை போட்டு உடைக்கிற இடமே அந்த டீக்கடைதான், அங்கயே நமக்கு இடமில்ல. இதுக்குப் போய் திருஷ்டின்னு மானிட்டர் மேல எலுமிச்சம்பழம் வெச்ச ஆளை எனக்குத் தெரியும், பழம்தான் காஞ்சுது.

ஆனா எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல, 2013ல ஒரு ஆய்வுல 'நான் எப்பவுமே தனி ரகம்'னு தன்னை நினைக்கிறவங்க, ஒதுக்கப்பட்டதுக்கு அப்புறம் படைப்பாற்றல் டெஸ்ட்ல இன்னும் நல்லா பண்ணாங்க. தம்பி எந்த ரகம்னு தெரியல, டீக்கு கூப்பிடலன்னு எனக்கு எழுதிக் கேட்டதைப் பாத்தா அந்த ரகம் மாதிரி தோணல.